அடையாளம் காட்டப் போகிறவர்

கைபேசி அடித்ததும் தையல்காரம்மா மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு எண்ணைப் பார்ப்பார். மருத்துவமனைப் பிணவறை என்றால், "சரிங்க, வர்றேன்" என்று வைத்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்ததை விளிம்புவரை ஓட்டி, நூலை அறுத்த பிறகே எழுந்திருப்பார். "பாதியில விட்டுட்டுப் போனா, திரும்பி வந்து உட்கார மனசு வராது."

அவருடைய கணவர் கட்டடங்களுக்கு வண்ணம் அடித்தவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பியவர், வேலையிடத்துக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. அந்த வயதில், அந்த உயரத்தில் கேட்பாரற்ற உடல் எது வந்தாலும் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். இதுவரை பதினான்கு முறை. பக்கத்தில் நகலெடுக்கும் கடை வைத்திருக்கும் நான் ஆறு முறை துணைக்குப் போயிருக்கிறேன்.

வழியில் பேச மாட்டார். உதடு மட்டும் அசையும். "முன்னெல்லாம் 'அவரா இருக்கக் கூடாது'ன்னு வேண்டுவேன். அப்படின்னா வேற ஒருத்தி புருஷனா இருக்கட்டும்னுதானே அர்த்தம்? அதை விட்டுட்டேன். இப்ப 'சாமி, நீ என்கூட வா'ன்னு மட்டும்தான் கேக்குறேன்" என்றார் ஒருமுறை.

மணமாகிப் போன மகளுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. அம்மாவைப் பார்க்க வந்திருந்தபோது சொன்னாள்: "இறந்துட்டாருன்னு எழுதிக் கொடுத்துட்டு நிம்மதியா இரும்மா. ஒன்பது வருஷமா வாயைத் திறக்காத கடவுள் இனிமேலா பேசப் போறாரு?"

"பேசலைன்னா இல்லைன்னு ஆயிடுமாடி? உங்கப்பாவும்தான் பேசலை."

மகள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

போன வாரமும் அழைப்பு வந்தது; நானும் கூடப் போனேன். பிணவறை ஊழியர் "வாங்கக்கா" என்றார். "விருந்துக்குக் கூப்பிடுற மாதிரி கூப்பிடாதப்பா" என்று சொல்லிக்கொண்டே அம்மா உள்ளே போனார். அவர் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. சாவு முகத்தை மாற்றிவிடும் என்பார். கணவரின் இடது கட்டைவிரல் நகம் நெடுக இரண்டாகப் பிளந்திருக்கும். அதைத்தான் தேடுவார்.

ஊழியர் கையை எடுத்துக் காட்டினார். நகம் பிளந்திருந்தது.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். "முகத்தைக் காட்டுப்பா" என்றார். துணி விலகியது. ஏறிய நெற்றி, காதோரம் பெரிய மச்சம். யாரோ ஒருவர்.

"இவர் இல்ல."

பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "நகத்தைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அப்பாடான்னு இருந்துச்சு தம்பி. எல்லாம் முடிஞ்சிடுச்சுன்னு. அந்த ஒரு நிமிஷத்துக்கு ஆண்டவன் என்னை மன்னிக்கணும்."



ஊழியர் துணியை இழுத்து மூடப் போனார். "கொஞ்சம் இருப்பா" என்றார் அம்மா. அந்த மனிதரின் சட்டைப் பொத்தான்கள் ஓர் ஓட்டை தள்ளி மாற்றிப் போடப்பட்டிருந்தன. குனிந்து எல்லாவற்றையும் கழற்றினார். கீழிருந்து தொடங்கி, அவசரமில்லாமல், ஒவ்வொன்றையும் அதனதன் ஓட்டையில் கழுத்துவரை போட்டுவிட்டார்.