மரத்துப்போன நேரம்

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நரம்பைக் கண்ணால் தேடுவார்கள். பழகியவர்கள் விரலால் தேடுவார்கள். திருவொற்றியூரில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் பதினான்கு வருடம், வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நம்பித்தான் வேலை பார்த்தேன். குண்டான கை, வற்றிய கை, பயந்து சில்லிட்ட கை எதுவானாலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

எர்ணாவூரில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவருக்கு வீட்டிலேயே போய் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. காலையில் டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண், மடியில் துணிக்கடைப் பையோடு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும்.

"எர்ணாவூர் மார்க்கெட் ஸ்டாப்பு வந்தா சொல்றியாக்கா, இந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்ல" என்றாள்.

"நானும் அங்கதான் எறங்குறேன், சொல்றேன்" என்றேன். எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

முன்னால் போன கன்டெய்னர் லாரி திடீரென்று இடது பக்கம் ஒடித்தது. ஆட்டோ அதன் பின்பக்கத்தில் இடித்துச் சாய்ந்தது. விழும்போது வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டு ஏதோ கோணத்தில் திரும்பி நின்றது. ஊர்ந்து வெளியே வந்தபோது அந்தப் பெண் ரோட்டில் மல்லாந்து கிடந்தாள். என் பை கிழிந்து ஊசியும் ரத்தக் குப்பிகளும் சிதறிக் கிடந்தன. அதைப் பார்த்துவிட்டு டீக்கடையிலிருந்து ஓடி வந்தவர் கேட்டார்:

"நீ நர்ஸாமா? இந்தப் பொண்ணுக்கு உசுரு கீதா பாரு."

மண்டியிட்டேன். பழக்கத்தில் வலது கையின் அதே இரண்டு விரலை அவள் கழுத்தில் வைத்தேன். சுற்றிலும் ஹாரன் சத்தம், புழுதி. அழுத்திப் பார்த்தேன். இடம் மாற்றிப் பார்த்தேன். எதுவும் துடிக்கவில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே குனிந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. விரல் சொன்னதே போதும் என்று நினைத்தேன்.

"இல்ல" என்றேன். "போயிடுச்சு."

அந்த வழியாக வந்த ஒரு வேனை நிறுத்தி, கால் முறிந்த ஆட்டோக்காரரையும் மற்ற இரண்டு பேரையும் என்னையும் ஏற்றினார்கள். அவள் மேல் யாரோ ஒரு லுங்கியைப் போர்த்தினார்கள். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரிக்கு வரும்போதே உயிர் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

இரண்டு மாதம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்து வேலைக்குப் போன முதல் நாள் ஒரு மீனவரின் கையைப் பிடித்தேன். வெயிலில் காய்ந்து, நரம்பு கயிறு போலப் புடைத்திருந்த கை. கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. தடித்த துணிக்கு மேலே தொடுவது போல இருந்தது. மூன்றாவது குத்தில் அவர் கையை இழுத்துக்கொண்டார். அடுத்த வாரம் முதலாளி என்னைப் பில் போடுகிற மேசையில் உட்காரச் சொன்னார்.

நரம்பு டாக்டர் கரண்ட் வைத்துச் சோதித்தார். "எலும்பு முறிஞ்சப்பவே நரம்பு நசுங்கியிருக்கு. அந்த நிமிஷத்துலேருந்தே இந்த ரெண்டு விரலும் மரத்திருக்கும். வலியில உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

அந்த நிமிஷத்திலிருந்து. நான் அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கை வலிக்கிறதா என்று அவர் கேட்டார்.

என் கணவர் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். கேஸ் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றார்.

"எலும்பு கூடிடுச்சே, என்னனு கேஸ் போடுறது?" என்றேன்.

"எலும்பு கூடிச்சி. வேல கூடிச்சா? லாரிக்கு இன்சூரன்ஸ் கீது, ஏன் வுடணும்?"

தண்டையார்பேட்டையில் ஒரு பெண் வக்கீலிடம் அழைத்துப் போனார். அந்த அம்மா காகிதங்களை நிதானமாகப் படித்தார்.

"எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல. பாக்க கை நல்லாத்தான் இருக்கு. நரம்பு ரிப்போர்ட்டுதான் உங்க கேஸே. விபத்து நடந்த நொடியிலேருந்து விரல்ல உணர்ச்சி இல்லைன்னு மனுவுல எழுதணும். இல்லன்னா கட்டுப் போட்டதுல வந்த கோளாறுன்னு சொல்லிடுவாங்க."

"கொஞ்ச நாள் கழிச்சு மரத்துச்சுன்னு எழுதக் கூடாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியா ஆச்சு?"

"இல்ல."

"அப்புறம் ஏன் எழுதணும்?"

கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு எர்ணாவூர் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் மார்க்கெட் ஸ்டாப் நெருங்கினால் வாய் தானாகத் திறக்கும். வந்துவிட்டது என்று பக்கத்து சீட்டில் சொல்ல வேண்டும் போலிருக்கும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் நிமிடம் எண்ணுவேன். ஒருநாள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "நீயாவது கைய வெச்ச. மத்தவன்லாம் போன்ல படம் புட்ச்சிகினு இருந்தான்" என்றார்.

"வெச்சதுதான் தப்பு. நான் வெக்கலன்னா வேன்ல தூக்கிப் போட்டிருப்பாங்க."



போலீஸ் காகிதத்தில் அவளுடைய விலாசம் இருந்தது. வியாசர்பாடி, ஹவுசிங் போர்டு, இரண்டாவது மாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். அவளுடைய கணவர் கதவைத் திறந்தார். வெல்டர் வேலை, கை முழுக்கத் தீப்பொறித் தழும்பு. யாரென்று சொன்னதும் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன். விரல் மரத்தது, போய்விட்டது என்று நான் சொன்னது, லுங்கி போர்த்தியது, எல்லாம்.

அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையை மடித்து மணிக்கட்டை என் முன் நீட்டினார்.

"வெச்சிப் பாரு."

வைத்தேன். அழுத்தினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுனா தெரிதா?"

"தெரியலண்ணா."

"சுத்தமா?"

"சுத்தமா தெரியல."

அவர் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். மடித்த சட்டையை இறக்கிவிட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். உள்ளே அவருடைய மகள் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மண்டையில அடினு போஸ்ட்மார்ட்டத்துல போட்டுக்கிறான். எப்ப போச்சுனு போடல" என்றார். "உன்கிட்ட கோவப்படலாமானு பாத்தேன். வரமாட்டேன்து. அதுக்காக பரவால்லனும் சொல்ல முடியாது. நீ கேஸ் போடு. உள்ளத உள்ளபடி எழுது. இனிமே இங்க வராத."

மறுநாள் வக்கீலிடம் போய்க் கையெழுத்துப் போட்டேன்.

விசாரணை வர ஒன்றரை வருடம் ஆனது. எதிர்த்தரப்பு வக்கீல், அன்றைக்கே மரத்துவிட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். பக்கத்தில் கிடந்த பெண்ணின் கழுத்தில் விரல் வைத்ததைச் சொன்னேன். அவளுக்கு உயிர் இருந்ததா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது என்றேன். டைப் அடித்துக்கொண்டிருந்தவர் ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடி அடித்தார். எதிர்த்தரப்பு வக்கீல் மேலே எதுவும் கேட்கவில்லை.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. கணவர் இனிப்பு வாங்கி வந்தார். வேண்டாம் என்று சொல்லாமல் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன். இப்போது இடது கையால் ரத்தம் எடுக்கப் பழகியிருக்கிறேன். முன்பு போல வேகமில்லை, ஆனால் முதலாளி மறுபடி ஊசியைக் கொடுத்துவிட்டார்.

தீர்ப்புக்குப் பிறகு நரம்பு டாக்டரைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். மண்டையில் அடிபட்டு விழுந்த ஒருவர் எவ்வளவு நேரம் உயிரோடு இருப்பார் என்று கேட்டேன். சிலர் அப்போதே போய்விடுவார்கள், சிலர் ஒரு மணி நேரம்கூட இருப்பார்கள், பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். நான் வேறு யாரிடமும் அதைக் கேட்கவில்லை.