சத்தம் போடாத வண்டி

பழைய டீசல் ஜீப்பைக் கொடுத்துவிடலாம் என்பதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டையே இல்லை. மெக்கானிக்கே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்பதைத்தான் கோடை முழுக்கப் பேசினோம்.

நான் மாட்டு டாக்டர். ஆரணியிலிருந்து காலையில் கிளம்பி சேவூர், முள்ளிப்பட்டு என்று சுற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவேன். எப்போதாவது கலசப்பாக்கம் பக்கமிருந்து கூப்பிடுவார்கள். வீட்டுக்காரருக்குப் பட்டுப்புடவை வியாபாரம். புடவைப் பெட்டிகளோடு பெங்களூர் போகும்போது நானும் கூடப் போவேன். மகள் அங்கேதான் வேலையில் இருக்கிறாள். அவருக்கு நெடுஞ்சாலையில் தூக்கம் வந்துவிடும், அதனால் ஓட்டுவது நான்தான்.

தினமும் சின்ன தூரம், நடுவில் ஒரு பெரிய தூரம். முழு எலெக்ட்ரிக் வண்டி என்றால் பெங்களூர் ரோட்டில் சார்ஜுக்குத் தேடி நிற்க வேண்டுமே என்று எனக்குப் பயம். மகள்தான் ப்ளக்-இன் ஹைபிரிட் பற்றிச் சொன்னாள். வீட்டில் ப்ளக் போட்டு சார்ஜ் ஏற்றிக்கொண்டால் ஊருக்குள் கரண்டிலேயே ஓடும், சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும். நம் பக்கம் அந்த வகை இப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. எங்களுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி, ஊர்த் தெருவில் திரும்புகிற அளவில், இரண்டு வண்டிகள் இருந்தன.

முதலாவது அவருக்குப் பிடித்தது. டிக்கி பெரியது, பெட்டிகள் மொத்தமும் அடங்கும். ஒரு சார்ஜில் அதிக தூரமும் போகும். இன்னொன்று கொஞ்சம் குட்டை. ஏறி இறங்க எனக்குச் சுலபம், அவ்வளவுதான் அதற்காகச் சொல்ல முடிந்தது. நானும் முதல் வண்டிக்கே மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தேன்.

ஷோரூம்காரர் வேலூரிலிருந்து அதை வீட்டுக்கே கொண்டுவந்தார். பைபாஸில் ஒரு ரவுண்டு போகலாம் என்றார். நான் தினமும் போகிற வழியிலேயே ஓட்டிப் பார்க்கிறேன் என்று முள்ளிப்பட்டுக்கு விட்டேன்.

வண்டி வெண்ணெய் மாதிரி போனது. ஏசி காற்றைத் தவிர ஒரு சத்தமில்லை. ஷோரூம்காரர் பின்னால் ஏறிக்கொள்ள, என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார். நெசவாளர் தெருவில் திரும்பியபோது, தெரு ஓரமாகப் பாவு நீட்டியிருந்தார்கள். புடவை நீளத்துக்கும் பல மடங்காக இழுத்துக் கட்டின பட்டு நூல். அறுந்த இழைகளை முடிந்துகொண்டே ஒரு பெண் நடந்து வந்தாள். அவள் வீட்டு மாட்டுக்கு நான்தான் ஊசி போடுகிறவள், தெரிந்த முகம். நான் மெதுவாகத்தான் போனேன். ஜீப்பில் வந்தால் தெருமுனையிலேயே எல்லாரும் ஒதுங்குவார்கள், அந்தப் பழக்கத்தில் இவளும் ஒதுங்குவாள் என்று நினைத்துவிட்டேன். அவள் நூலைப் பார்த்தபடியே இரண்டடி பின்னால் வைத்தாள். நேராக வண்டிக்கு முன்னால்.

பிரேக்கை அழுத்தினேன். அவள் புடவைத் தலைப்பு பானெட்டில் பட்டது. அவள் மேல் படவில்லை.

இறங்கி ஓடினேன். அவள் நிதானமாகத்தான் இருந்தாள். "வண்டி வந்த சத்தமே கேக்கலையே டாக்டரம்மா," என்றாள். அவள்தான் என்னை உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். திரும்பும்போது ஷோரூம்காரரை ஓட்டச் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு முழுக்க அதே யோசனை. நான் போகிற தெருவெல்லாம் பாவு நீட்டுகிற தெரு, கோழியும் ஆடும் நிற்கிற தெரு. இந்த மாதிரி வண்டியே வேண்டாம், ஜீப்புக்கே இன்னொரு தடவை செலவு பண்ணலாம் என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஆனால் அடுத்த வாரம் இரண்டாவது வண்டியை வரவழைத்திருந்தார். இது மெதுவாகப் போகும்போது வெளியில் தானாகவே ஒரு சத்தம் கொடுக்குமாம், அணைக்க முடியாதாம். ஷோரூமுக்குப் போன் போட்டு அதைத்தான் முதலில் கேட்டிருக்கிறார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. விற்கிறவர் சொன்னால் ஆச்சா? மறுபடியும் முள்ளிப்பட்டுக்கே போய், வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணிடம் நடந்து போய்க் கேட்டேன். இந்தப் பக்கம் பார்க்காமல் உங்கள் வேலையைப் பாருங்கள், வண்டி வருவது கேட்டதும் கையைத் தூக்குங்கள் என்று. அவளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. தெருவே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

ஆள் நடக்கிற வேகத்தில் வண்டியை விட்டேன். பாதித் தெரு வருவதற்குள் கையைத் தூக்கிவிட்டாள்.

எப்படிக் கேட்டது என்று விசாரித்தேன். "தூரத்துல யாரோ 'ம்ம்'னு சொல்லிகினே வர்ற மாதிரி இருந்துச்சுங்க," என்றாள்.

அவள் புருஷன், இது சத்தமில்லாத தெரு, விசைத்தறி ஓடுகிற வீட்டண்டை கேட்குமா என்று சரியாகவே கேட்டார். அங்கேயும் பார்த்தோம். கொஞ்சம் கிட்டே வந்த பிறகுதான் கையைத் தூக்கினாள். ஆனாலும் ஒதுங்கிக்கொள்ள நேரம் தாராளமாக இருந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அந்த இடத்தில் இறங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பெட்டியெல்லாம் இதில் அடங்காதே என்று என் வீட்டுக்காரரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பெட்டிங்கள பார்சல் லாரில போட்டுக்கலாம். அன்னிக்கு நீ பிரேக் போட்டியே, அப்புறம் எனக்கு மூச்சே வரல. நான் புடிவாதம் புடிச்ச வண்டியாச்சேன்னு இந்த வாரம் பூரா ஒரே பேஜாரு. அன்னிக்கு வீடு வர்ற வரைக்கும் எப்படிரா இவகிட்ட வேணாம்னு சொல்றதுன்னு இருந்தேன். நல்ல காலம், நீயே சொல்லிட்ட."

இத்தனை நாளும் அவர் கோபமாக இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வண்டியையே வாங்கினோம். எலெக்ட்ரீஷியன் வந்து கார் நிறுத்துகிற இடத்தில் தனியாக எர்த் போட்டு ஒரு ப்ளக் வைத்துக் கொடுத்தார். தெருநாய்கள் இரண்டு நாள் அதன் சத்தத்தைக் கேட்டுக் குரைத்தன, அப்புறம் விட்டுவிட்டன. முதல் தடவை பெங்களூர் போனபோது, சார்ஜ் எப்போது தீரும் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். வேலூர் தாண்டியதும் அவர் தூங்கிப்போனார். நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினேன். பள்ளிகொண்டா பக்கம் வந்து பார்த்தால், வண்டி எப்போதோ பெட்ரோலுக்கு மாறி ஓடிக்கொண்டிருந்தது.