மூச்சு முட்டிய சொல்

பாடகிக்குப் பாடலாசிரியர் மேல் சந்தேகம் வந்ததற்குக் காரணம் ஒரு சொல். போன பாட்டில் 'நினைத்துப்பார்த்துக்கொண்டிருந்தவளே' என்று எழுதியிருந்தார். பாதியிலேயே அவளுக்கு மூச்சு முட்டியது. புதுப் பாட்டிலோ இன்னும் நீளம்: 'மறந்துவிட்டிருக்கக்கூடாதாவென்றழுதவளே'.

"வேணும்னே பண்றார். அவர் மச்சினியும் பாடுறா இல்ல? நான் திணறினா அவளை உள்ளே நுழைச்சிடலாம்னு பார்க்கிறார்," என்று கணவனிடம் பொருமினாள். "முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசியிருக்காரா அந்த மனுஷன்?"

மறுநாள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். அவர் மேசையில் தாளம் போட்டபடி அதே சொல்லைப் பாடிக்கொண்டிருந்தார். எங்கும் தடுமாறவில்லை.

"சார், இவ்வளவு நீளமா எதுக்கு? என்னைக் கழட்டிவிடத்தானே?"

அவர் முகம் வெளுத்தது. "இ... இல்லம்மா. எ... எனக்கு..." கண்ணை மூடிக்கொண்டு மெல்ல மெல்லச் சொல்லி முடித்தார். "எனக்குத் தி... திக்கும். எழுதறப்போ வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். வா... வார்த்தை தொடங்குற இடத்துலதான் மாட்டிக்குவேன். நீளமா ஒரே வார்த்தைன்னா, ஒரு தடவை தொடங்கினாப் போதும்."

அவள் மன்னிப்புக் கேட்டாள்.

சொல்லைச் சுருக்கும்படி அவள் கேட்கவில்லை. இசையமைப்பாளரிடம் சொல்லி, அதற்கு முன்னால் மூச்சிழுக்க மட்டும் கொஞ்சம் இடைவெளி வாங்கிக்கொண்டாள். ஒரே மூச்சில் பாடியும் முடித்தாள்.

வீட்டில் கணவன், "சந்தேகம் தீர்ந்துச்சா?" என்றான்.

"திக்குறது நிஜம்தான்," என்றாள். "ஆனாலும் அடுத்த பாட்டு வரட்டும், பார்க்கலாம்."