மகள் சொன்ன ‘ஷ்’

போன வருடம் தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறோம். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளின் வகுப்புக்கு ஒரு ட்ரெய்னிங் மிஸ் வந்திருந்தார். ஆசிரியர் பயிற்சி மாணவி, சின்னப் பெண். இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லித்தரும் பயிற்சிக்காகச் சில வாரங்கள் அனுப்பியிருந்தார்கள்.

அதுவரை இங்கிலீஷ் என் பொறுப்பு. தினமும் மாலையில் எதிரெதிரே உட்கார்ந்து நான் ஒரு வரி சொல்ல, அவள் திருப்பிச் சொல்வாள். பாடம் முழுவதையும் பிசகாமல் ஒப்பிப்பாள். சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன். அந்த மிஸ் வந்த மூன்றாம் நாளே, ‘மனப்பாடமாகச் சொல்கிறாள், இன்னும் வாசிக்க வரவில்லை’ என்று டைரியில் எழுதி அனுப்பினார். எனக்கு வயிறு எரிந்தது.

மகளோ வாயைத் திறந்தாலே மிஸ் புராணம்தான். “எங்க மிஸ் மாதிரி பொட்டு வெச்சி வுடும்மா.” “எங்க மிஸ் உன்னாட்டம் கத்தவே மாட்டாங்க, தெரியுமா?” நான் வைத்துவிட்ட பூவில் பாதி மிஸ் தலைக்குப் போனது.

ஒரு மாலை நான் பாடத்தை ஆரம்பித்ததும், மகள் உதட்டில் விரலை வைத்து “ஷ்ஷ்” என்றாள்.

“யார்கிட்டடி ஷ்ஷுன்ற? அம்மா வாய மூடச் சொல்லிக்குடுத்தாங்களா உங்க மிஸ்சு?”

“அய்யோ, அது படிக்கிறதும்மா...”

மீதியை நான் கேட்கவில்லை. தலைமை ஆசிரியைக்கு ஒரு பக்கம் புகார் எழுதினேன். பெற்றோரை அவமதிக்கப் பழக்குகிறார், இவருக்கு ஆசிரியராகத் தகுதியில்லை என்று முடித்தேன்.

மறுநாள் கடிதத்தோடு போனால், வாட்ச்மேன், “பெரிய மிஸ் கிளாஸ்ல இருக்காங்கம்மா. ட்ரெய்னிங் பொண்ணுக்கு இன்னிக்கு மார்க்கு போடறாங்க. பாவம், காலைலேந்து தண்ணி கூட குடிக்கல அது” என்றார்.

வகுப்பு ஜன்னலோரம் நின்றேன். கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியையும், மதிப்பெண் தாளோடு மிஸ்ஸின் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளரும். மிஸ் போர்டில் எஸ், ஹெச் இரண்டையும் சேர்த்து எழுதி, உதட்டில் விரல் வைத்தார். வகுப்பே “ஷ்ஷ்” என்றது. அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்தால் வருகிற ஓசை அது! கையிலிருந்த கடிதம் சுட்டது.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு வார்த்தையை எழுதி என் மகளை வாசிக்கச் சொன்னார். எழுந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். அவள் கண் போர்டில் இல்லை, என் வாயில் இருந்தது. வாசிக்காமல், அந்த வார்த்தைக்காக என் உதட்டையே பார்த்தாள். இத்தனை நாள் அவள் எதைப் பார்த்துப் படித்தாள் என்று அப்போதுதான் உறைத்தது. விரிவுரையாளர் தாளில் ஏதோ குறிக்கக் குனிந்தார். மிஸ் முகம் வெளுத்துவிட்டது. என் உதடு தானாகவே அசையத் தொடங்கியது. சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மகள் திகைத்தாள். பிறகு மெதுவாகப் போர்டுப் பக்கம் திரும்பினாள். “ஷ்... இ... ப்...” விரல் காற்றில் நகர்ந்தது. “ஷிப்!” பூரித்துப்போய் அவள் திரும்பியது மிஸ் பக்கம்தான், என் பக்கம் இல்லை.

கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வராமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். பொறாமை போய்விட்டது என்றால் பொய். மகள் முதன்முதலாக வாசித்த சந்தோஷம் இன்னொருத்திக்குப் போனது இன்றும் உறுத்துகிறது. அந்தப் பெண்ணின் வேலைக்கே உலை வைக்க இருந்தேனே என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இப்போதும் மகள் ஒரு வார்த்தையில் திணறும்போது என் உதடு துடிக்கும்; விரலை அதன் மேல் வைத்து, எனக்கு நானே “ஷ்” சொல்லிக்கொண்டு காத்திருக்கிறேன்.