கொழுந்து வந்தால் மூச்சு

பேசுவதற்கு முன் ஆண்டியப்பன் உதட்டைக் குவித்து ஊதுவார். கொதிக்கும் தேத்தண்ணியை ஆற்றுகிறவர் போல மெல்ல, நீளமாக. பிறகுதான் ஒரு வார்த்தை வரும். அடுத்ததற்கு இன்னோர் ஊதல். டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், தேயிலை சலித்து, அந்தத் தூசியைத் தின்றே நுரையீரல் நைந்துபோன மனிதர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒரு பழைய எந்திரத்தை இரவலாகக் கொடுத்தார்கள். ஆமை ஓடு மாதிரி ஒரு தகரக் கவசம். நெஞ்சின்மேல் கவிழ்த்துக் கட்டினால், மோட்டார் அதற்குள்ளிருக்கும் காற்றை இழுக்கும். நெஞ்சு தானாக விரியும். தினமும் சிறிது நேரம் போட்டால் மிச்சப் பொழுதைச் சமாளித்துவிடுவார். ஆனால் அவர்கள் குடியிருந்த லயத்தில் கரண்ட் ஏது? மனைவி சண்முகவடிவு, ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் காலில் விழுந்து, ஸ்டோரில் சாக்கு அடுக்கும் மூலையை வாங்கினாள்.

"எஞ்சின் ஓடுறப்ப மட்டுந்தான்" என்றார் அவர்.

அது ஆற்றுத் தண்ணீரில் ஓடும் எஞ்சின். கொழுந்து வராத நாளில் ஸ்டோருக்குக் கரண்ட் இல்லை. வடிவு வெறிபிடித்தவளாகக் கொழுந்தெடுத்தாள்.

"ஏண்டி வடிவு, ஒம் புருசன் மூச்ச நாங்களுமா கூடையில சொமக்கணும்?" என்பாள் பக்கத்து நிரை நாகலெட்சுமி.

"சொமடி. மூச்சு வந்ததும் ஏசுவாரு. அதுல பாதி ஒனக்கு."

சிரித்துக்கொண்டே அவளும் கூடையை நிறைப்பாள்.

அடைமழையில் வேலைநிறுத்தம் வந்தது. கங்காணியை எதிர்த்த ஒரு குடும்பத்தைத் துரை விரட்டிவிட்டார். சங்கத் தலைவர் அழகுமுத்து வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, நீங்க மட்டும் வேலைக்குப் போங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"என் ஒரு கூடைக்கு எஞ்சின் ஓடுமாண்ணே?"

உள்ளேயிருந்து ஆண்டியப்பன் ஊதி ஊதிச் சொன்னார்: "எனக்காக... ஸ்ட்ரைக்க... நிறுத்திப்புடாதீங்க."

வடிவு டீமேக்கரிடம் ஓடினாள்.

"கொழுந்து இல்லாம எஞ்சின் ஓடாது. ஒங்க ஆளுகள வரச் சொல்லு, போ."

ஆஸ்பத்திரிக்குப் போக லொறி கேட்டாள். லொறிக்காரனும் வேலைநிறுத்தத்தில் இருந்தான். கடைசியில் கவசத்தைக் கட்டி, கையாலேயே தூக்கித் தூக்கிப் பார்த்தாள். தகரம்தான் எழுந்தது; நெஞ்சு எழவில்லை.

வேலைநிறுத்தம் வென்று, விரட்டப்பட்ட குடும்பம் மேளதாளத்தோடு திரும்பி வந்தபோது வடிவு கதவைச் சாத்திக்கொண்டாள். நாகலெட்சுமியோடு பேச்சு நின்றது. அழகுமுத்துவின் சாவுக்கும் எட்டிப் பார்க்கவில்லை.

ஸ்டோர் எஞ்சினைக் கவனித்துவந்த சிவசாமி, வேலையைவிட்டு நின்ற பிறகே வாய் திறந்தார். அந்த வேலைநிறுத்தத்தில் எஞ்சின் ஒருநாளும் நிற்கவில்லை. துரை பங்களாவின் ஐஸ்பெட்டிக்காக ஓடிக்கொண்டேதான் இருந்தது. துரை சொல்லி, ஸ்டோரின் சுவிட்சை மட்டும் அணைத்து வைத்திருந்தார்கள்.