அரியலூர் ரோட்டில் நின்ற வண்டி

என் கணவருக்கு ரப்பர் ஸ்டாம்ப் குத்தாத எந்தக் காகிதத்தின் மீதும் நம்பிக்கை கிடையாது. பெரம்பலூரில் ஓர் ஆபீஸில் இருபது வருஷமாக ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருப்பவர், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கார் என்றால் திருச்சியில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் விட வேண்டும், அங்கேதான் எல்லாம் எழுத்தில் இருக்கும் என்பார். எனக்கோ என் வண்டியைத் தொடுகிற ஆளின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். முகம் தெரியாதவரிடம் நான் ரவிக்கைகூட தைக்கக் கொடுத்ததில்லை.

எங்களுடையது ஏற்கெனவே ஒருவர் ஓட்டிப் பழகிய சின்ன கார். நாற்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, அரியலூரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு அதில்தான் போய் வருகிறேன். அதற்கு முன் பதினெட்டு வருஷம் பஸ். கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருடைய கூடையோ முழங்காலில் இடிக்க, இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு ஓடி, பிரேயர் மணிக்கு வியர்த்து விறுவிறுத்து நிற்பேன். கார் வந்தபிறகு காலையில் காபியைச் சூடாகக் குடிக்கிறேன். வழியெல்லாம் சத்தமாகப் பாடிக்கொண்டு போகிறேன். நான் பாடுவதைக் கேட்டுச் சகிக்கும் ஒரே ஜீவன் அந்த வண்டிதான்.

அப்பேர்ப்பட்ட வண்டி, ஆயுத பூஜை முடிந்த இரண்டாவது வாரம் அரியலூர் ரோட்டில் நின்றுவிட்டது. இரண்டு இருமல், பிறகு மௌனம். பக்கத்தில் சிமெண்ட் லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போக, நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. அடுத்த வாரமும் அதே கதை.

திருச்சிக்குக் கொண்டுபோனோம். கண்ணாடிக் கதவு, குளுகுளு ஏசி, மெத்தென்ற சோபா. டை கட்டிய பையன் மரியாதையாக விசாரித்து, 'வண்டி சில சமயம் நிற்கிறது' என்று எழுதிக்கொண்டான். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். அந்தத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். ஒரு கோளாறும் இல்லை என்று ஸ்டாம்ப் குத்திக் கொடுத்துவிட்டார்கள். பொய் சொல்லக் கூடாது, வண்டியைக் கழுவி விட்டிருந்தது மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. என் கணவர் அந்தக் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அதே ரோட்டில், அதே நேரத்தில் நின்றது. அன்றைக்கு ஒன்பதாம் வகுப்புக்குத் தேர்வு, நான்தான் வினாத்தாள் கொண்டுபோக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னால், ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"இன்னொரு தடவ ரோட்ல நின்னுச்சுன்னா வித்துடுவோம். நீ பஸ்லயே போயிட்டு வா."

எனக்கு வந்த கோபத்துக்கு ரசத்தை அவர் தலையில் ஊற்றாமல் விட்டது பெரிய விஷயம். வண்டி இவருக்கு வெறும் இரும்பு. ஆயுத பூஜை அன்று நான் ஸ்டியரிங், நான்கு சக்கரம், முன்பக்கம் என்று பார்த்துப் பார்த்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தபோது, "இரும்புக்கு எதுக்கும்மா இவ்வளவு அலங்காரம்?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டவர்தானே. தினமும் காலையில் நான் வண்டியை வெளியே எடுக்கும்போது வாசலில் வந்து நிற்பார். காம்பவுண்டு சுவரில் உரசுகிறேனா என்று வேவு பார்க்கத்தான்.

ஞாயிற்றுக்கிழமை, அவரைக் கேட்காமலே எங்கள் ஊரிலேயே துறைமங்கலம் பக்கம் இருக்கும் மெக்கானிக்கிடம் விட முடிவெடுத்தேன். கேட்காமல் போனேனே தவிர, அவர் சும்மா இருப்பாரா? ஸ்டாம்ப் இல்லாத இடத்தில் என்ன கூத்து நடக்கிறது என்று பார்க்க, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மெக்கானிக்கிடம் கம்ப்யூட்டர் கிடையாது. தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்துக் கேட்டார். டவுனுக்குள் நின்றதுண்டா? இல்லை. கிளம்பி எவ்வளவு நேரத்தில் நிற்கிறது? அரை மணி நேரத்தில். அப்படியே விட்டால் தானாகக் கிளம்புகிறதா? ஆமாம். தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். அவரிடம் ஒரு பழக்கம். எந்த வண்டியையும் முதலில் தான் ஓட்டிப் பார்க்கமாட்டார்.

"நீங்களே ஓட்டுங்க டீச்சர். நான் ஓட்டுனா என்கிட்ட நல்ல புள்ளையா நடந்துக்கும். அது நிக்கிற எடத்துக்கே போவோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி நின்றால்தான் மெக்கானிக்குக்குக் காரணம் தெரியும். நின்றால், பின்சீட்டில் இருக்கிறவர் விற்றுவிடுவார். அரியலூர் ரோட்டில் ஏறினோம். நிற்காதே என்று வேண்டுவதா, நின்றுவிடு என்று வேண்டுவதா? பக்கத்தில் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். பின்னால் இவர் வாட்சைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் பாடாமல் அந்த ரோட்டில் போனது அன்றைக்குத்தான்.

சிமெண்ட் லாரிகள் வரிசைகட்டும் இடம் வந்ததும் இரண்டு இருமல். ஓரங்கட்டினேன். நின்றது.

"பாத்தியா? நான் சொன்னேன்ல," என்றார் இவர்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. விற்பதென்றால் விற்கட்டும், நாளை முதல் இரண்டு வேளை சமையலையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆரம்பித்தேன். அதற்குள் மெக்கானிக் இறங்கிவிட்டார். முன்பக்கம் போய் பானட்டைத் தூக்குவார் என்று பார்த்தால், பின்பக்கம் போய்ப் பெட்ரோல் டேங்க்கின் சின்னக் கதவைத் திறந்து, உள்ளே இருந்த மூடியை மெதுவாகத் திருகினார். 'உஸ்ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் எனக்கே கேட்டது. இப்போது ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். இரண்டாவது திருப்பில் கிளம்பியது.

மூடியைக் கொண்டுவந்து காட்டினார். பெட்ரோல் குறையக் குறைய டேங்க்குக்குள் காற்று போக வேண்டும், அதற்கு இந்த மூடியில் பொடித்துளை ஒன்று இருக்கிறது, அது அடைபட்டால் வண்டி மூச்சு முட்டி நின்றுவிடும் என்றார். துளை இருந்த இடத்தில் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, காய்ந்து, சிமெண்ட் பூசியதுபோல் இறுகிக் கிடந்தது.

"சாமிக்கு வச்சது சரிதான் டீச்சர், இங்கயா வைப்பாங்க?" என்று சிரித்தார்.

நான் வைக்கவில்லை. எங்கெங்கே வைத்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பெட்ரோல் மூடியை நான் தொட்டதே இல்லை. மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். இவர் ஜன்னல் வழியாக ஒரு சிமெண்ட் லாரியை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"என்னங்க?"

லாரியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ தனியா போற. நடுவழியில நின்னுடக் கூடாதுன்னுதான் வச்சேன்."

மெக்கானிக் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல், என்னிடம் ஓர் ஊக்கு கேட்டார். புடவையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். துளையைச் சுரண்டிச் சுத்தம் செய்து மூடியை மாட்டினார். எதற்கும் புது மூடி ஒன்று கம்பெனியிலேயே வாங்கிப் போட்டுவிடுங்கள், அது அங்கேதான் சரியாகக் கிடைக்கும் என்றார். கம்பெனி என்றதும் இவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்ததை நான் கவனித்தேன். திரும்பி வரும்போது மெக்கானிக் பின்சீட்டுக்குப் போய்விட்டார், இவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டியை விற்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பாடினேன். பாவம், இரண்டு பேரும் சகித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை வண்டியை எடுத்தபோது வழக்கம்போல் வாசலில் வந்து நின்றார். இத்தனை நாளும் அவர் சுவரைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. பனியனும் கைலியுமாக நின்றவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பின்னால் எடுத்ததில், முதல் தடவையாகச் சுவரில் நன்றாக உரசிவிட்டேன். ஓடி வந்து கீறலைத் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"மெதுவா போயிட்டு வா. சாயங்காலம் தொறமங்கலத்து மெக்கானிக்கிட்டயே விட்டுடுவோம்," என்றார்.