முப்பத்தெட்டாம் பக்கத்துத் தவறு யாருடையது?

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் தேதி, திங்கட்கிழமை, கடைகளுக்கு வந்த ஒரு வழவழத் தாள் மாத இதழின் முப்பத்தெட்டாம் பக்கத்தில், சட்டைப்பையில் அடங்கும் பாட்டுக் கருவி ஒன்றுக்கான நாற்பத்தேழு கவர்களின் அட்டவணை அச்சாகியிருந்தது. அதன் தலைப்பில் 'எங்கள் ஆய்வுக்கூடத்தில் அளந்தவை' என்று போட்டிருந்தது. அளந்தவர் வேறொருவர். அவரைக் கேட்காமலும், அவர் பெயரைச் சொல்லாமலும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள் என்பதே குற்றச்சாட்டு.

அளந்தவர் ஒரு திருகாணித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பெண். நூறு திருகாணிக்கு ஒன்றை எடுத்து வெர்னியர் அளவுகோலின் தாடைகளுக்கு இடையில் கொடுத்து, ஒரு நூலிழை மிஞ்சினாலும் பெட்டியின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வெர்னியர் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அளவுகோலின் பெட்டிக்குள் மடித்துக் கிடந்த காகிதத்தை ஒரு வாரம் புரட்டிப் புரட்டித் தானே கற்றுக்கொண்டார். அந்தக் காகிதம் இன்றும் அவரிடம் இருக்கிறது. மின்விசிறி வாங்கிய ரசீதும், மழையால் பள்ளி விடுமுறை என்று மகளின் பள்ளி அனுப்பிய துண்டுச் சீட்டும்கூட இருக்கின்றன. தொழிற்சாலையில் எல்லாருக்கும் அவர் வெர்னியர் அக்கா.

அந்தப் பாட்டுக் கருவியை, அந்தப் பிளேயரை, அவர் வாங்கியது பஸ்ஸுக்காக. வேலைக்குப் போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். காது முழுக்க இயந்திர இரைச்சலோடு வீடு திரும்புவது அவருக்கு அலுத்துப் போயிருந்தது. பிளேயரோடு ஒரு கவரும் வாங்கினார். கவரின் ஓட்டை ஒரு பக்கம், இயர்போன் செருகும் துளை ஒரு பக்கம். கடைக்குத் திருப்பி எடுத்துப் போனார்.

"எல்லா பிளேயருக்கும் பொருந்தும்க்கா," என்றார் கடைக்காரர்.

"பொருந்தும்னா எவ்வளவுக்குப் பொருந்தும்?"

"எவ்வளவுக்குன்னா?"

"மில்லிமீட்டர்ல சொல்லுங்க."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேணும்னா நீங்களே அளந்துக்கோங்க," என்றார். விளையாட்டாகச் சொன்னதை அவர் வேலையாக எடுத்துக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகள் அளந்தார். கடை கடையாக ஏறி, ஒரு கவரை ஒரு நாள் இரவல் கேட்டு, கீறல் விழாமல் தருவேன் என்று சீட்டு எழுதிக் காட்டி, கடைக்காரரின் கையெழுத்தையும் அதிலேயே வாங்கிக்கொள்வார். கவரின் உள்ளளவுக்கு வெர்னியர் உதவாது; துணியும் தோலும் வளைந்து கொடுக்கும். அதற்கு அவரே ஒரு வழி கண்டார். பழைய காலண்டர் அட்டையைப் பிளேயரின் நீள அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டாகக் கவருக்குள் செருகிக்கொண்டே போவார். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கட்டு விழவில்லை என்றால் நிறுத்தி, வெளியே எடுத்து அந்தக் கட்டின் கனத்தை அளப்பார். பிளேயரின் கனம் 10.62 மில்லிமீட்டர். கட்டு அதே அளவுக்கு வந்தால் 'பொருந்தும்', குறைந்தால் 'இறுக்கம்', கூடினால் 'தொளதொளப்பு'.

இவற்றோடு, எந்தப் புதுப்பிப்பை ஏற்றினால் பாட்டுகளின் வரிசை கலைந்து போகும், எந்தச் சார்ஜர் அடுப்பாய்க் கொதிக்கும், எந்த இயர்போனின் வயர் முதலில் அறும் என்பதையும் சேர்த்து, மாதம் நான்கு பக்கத்தில் 'செவிச் செய்தி' என்ற தாளைக் கொண்டுவந்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் தங்கள் முகவரி எழுதிய தபால் உறையை அனுப்பி அதை வரவழைத்துப் படித்தார்கள்.

அந்த அட்டவணைதான், வரிசை எண்கூட மாறாமல், முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது.

ஜூன் 13 அன்று இதழுக்குப் பதிவுத் தபாலில் எழுதினார். பதில் இல்லை. ஜூன் 20 அன்று உணவு இடைவேளையில் தொலைபேசியில் ஆசிரியரைப் பிடித்தார்.

"இதுல என்னம்மா இருக்கு? ஒரு கரண்டியை நான் அளந்தாலும் நீங்க அளந்தாலும் ஒரே நீளம்தானே வரும்!"

"சரி சார். இதையே எழுத்துல குடுங்க."

"இதுக்கெல்லாம் எழுத்தா? ஏம்மா, இப்படி விடாக்கண்டியா இருக்கீங்க?"

"அதையும் சேத்தே எழுதுங்க."

எழுதினார்கள். ஜூலை 2 தேதியிட்ட கடிதம் இப்படிச் சொன்னது: 'இந்த அளவுகள் எங்கள் ஆய்வுக்கூடத்தில், உறை பிரித்த புதிய கருவியைக் கொண்டு நேரடியாக எடுக்கப்பட்டவை. ஒரே பொருளை யார் முறையாக அளந்தாலும் ஒரே எண்ணே கிடைக்கும். எங்கள் அட்டவணையை ஒத்த அட்டவணையைத் தாங்கள் இனியும் வெளியிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.' கடிதத்தின் நகல், 'செவிச் செய்தி'யை மாதாமாதம் படியெடுத்துத் தரும் ஜெராக்ஸ் கடைக்கும் போயிருந்தது.

எடுத்தவர்கள் உரிமையாளர்களாகிவிட்டார்கள், உரிமையாளர் திருடியாகிவிட்டார்.

ஜெராக்ஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. கோர்ட்டு வாசலை நான் சினிமாவுலதான் பாத்திருக்கேன். இந்த மாசம் என்னால போட முடியாது."

"நான் திருடினேன்னு நீங்களும் நம்புறீங்களா?"

"நான் நம்பி என்ன ஆகப்போகுது? மெஷின் பயப்படுதே."

ஜூலைத் தாள் நின்றால் 'செவிச் செய்தி' நின்றதாகத்தான் அர்த்தம். ஏன் நின்றது என்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் கேட்பார்கள். பதிலை இதழ் சொல்லும். கணவரும் அதைத்தான் வேறு விதமாகச் சொன்னார். அவர் பஸ் டிரைவர். எதிரே பெரிய வண்டி வந்தால் ஓரம் கட்டிப் பழகியவர்.

"நீ அளந்தது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். இத்தோட விட்டுத் தொலையேன்."

"நம்ம ரெண்டு பேருக்குத் தெரிஞ்சு என்னங்க பண்ண? ஒரே எண்ணுதான் வரும்னு எழுதியிருக்காங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதுதான் எரியுது."

உண்மையிலேயே பதில் இல்லை. இரண்டு ஆண்டுக் குறிப்பேடுகளும் நாற்பதுக்கு மேற்பட்ட இரவல் சீட்டுகளும் அவர் அளந்தார் என்பதைக் காட்டும். அவர்கள் அளக்கவில்லை என்பதைக் காட்டாது. நாற்பத்தேழு கவர்களையும் வேறொருவர் ஒழுங்காக அளந்திருந்தால் இதே எண்கள் வந்திருக்கும் என்பதை, திருகாணி அளக்கும் ஒருவர் எப்படி மறுப்பார்?

ஜூலை 11, புதன்கிழமை, உணவு இடைவேளை. தொழிற்சாலை வாசலுக்கு எதிரே சலூன் வைத்திருப்பவர், 'செவிச் செய்தி'யின் பழைய வாசகர், துண்டைத் தோளில் போட்டபடியே சாலையைத் தாண்டி வந்தார். கையில் பிளேயர், புதுக் கவரோடு.

"வெர்னியர் அக்கா, உங்க பேச்சை நம்பி இருபத்தெட்டாம் நம்பர் கவர் வாங்கினேன். பாருங்க, பொக்கை வாயில பல்செட்டு மாதிரி ஆடுது."

"ஆடாதுங்க. பத்து புள்ளி ஆறு ரெண்டு. கச்சிதமா நிக்கும்."

"அதை என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? பிளேயர்கிட்ட சொல்லுங்க."

அவர் வெர்னியரை எடுத்து, சலூன்காரரின் பிளேயரை அளந்தார். 10.34. தாடைகளைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். 10.34.

"இது வேற மாடலா?"

"அதே மாடல்தான். பில்லு வேணுமா? நீங்க கேப்பீங்கன்னு தெரியும், கொண்டு வந்திருக்கேன்."

"இதுல என்ன பண்ணீங்க?"

"நான் என்னக்கா பண்ணேன்? முன்னாடி பின்னாடி ஒட்டியிருந்த பிலிமைப் பிச்சுப் போட்டேன். வெட்டுற முடியெல்லாம் அதுக்கு அடியில போயி ஒட்டிக்கிட்டு, பிளேயருக்குத் தாடி மொளைச்ச மாதிரி இருந்துச்சு."

"பிச்சிட்டீங்களா!"

குழந்தையைக் கீழே போட்டுவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் எந்தக் குரலில் கேட்போமோ, அந்தக் குரலில் கேட்டார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. தன் பிளேயரை எடுத்துப் பார்த்தார். கடையில் வாங்கியபோது திரையின் மேலும் முதுகின் மேலும் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக், இரண்டரை ஆண்டாக அப்படியே இருந்தது. கீறல் விழக்கூடாது என்று அதைப் பத்திரமாகக் காத்து வந்தார். அவர் வீட்டில் டிவி ரிமோட் இன்னும் பாலித்தீன் உறைக்குள்தான் இருந்தது. புது நாற்காலியில் கணவர் உட்காரும்போதெல்லாம் உறை சரசரத்தது. பிளேயரையும் அவர் அப்படியே அளந்திருந்தார், தோலோடு.

ஏன் இரண்டு ஆண்டாக ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை? அதற்கும் பதில் உடனே வந்தது. ஒரு பிளேயருக்கு எந்தக் கவர் போடலாம் என்று நான்கு பக்கத் தாளை வரவழைத்துப் படிக்கிறவர்களில் யார் பிலிமைப் பிய்ப்பார்கள்?

நகத்தால் நெம்பித் தன் பிளேயரின் இரண்டு பிலிமையும் வாசலிலேயே உரித்தார். 10.34.

அந்தப் பிற்பகல் அவருக்குக் காது மடல் வரை சுட்டது. ஊரார் திருகாணிக்கெல்லாம் சிவப்புச் சீட்டு ஒட்டுகிறவர், நாற்பத்தேழு வரிசைக்கும் ஒரே தவறைக் கூட்டி எழுதியிருந்தார். 'பொருந்தும்' என்று சொன்ன கவர்களெல்லாம் ஆடும். 'இறுக்கம், தவிர்க்கவும்' என்று அவர் கரித்துக் கொட்டியிருந்த ஒன்பதாம், பதினாறாம், முப்பத்தோராம் எண் கவர்கள்தான் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தக்கூடியவை.

மூன்றரை மணி வாக்கில், ஒரு திருகாணி தாடைகளுக்கு நடுவில் இருக்கும்போதே, கை நின்றுவிட்டது. அந்த மூன்றும் முப்பத்தெட்டாம் பக்கத்தில் என்னவாக இருந்தன?

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றும் முன் இதழைத் தேடி எடுத்தார். ஒன்பது, பதினாறு, முப்பத்தொன்று: 'இறுக்கம், தவிர்க்கவும்.' கருவியின் கனம்: 10.62. அதற்கு மேலேயே, ஆய்வுக்கூடத்தில் அளப்பதாகப் பெரிய வண்ணப்படம். படத்தில் இருந்த பிளேயரின் முகத்தில் பிலிம் இல்லை. விளக்கின் வெளிச்சம் வெறும் கண்ணாடியில் பளீரென்று அடித்தது. பிலிம் உரித்த கருவி எந்த வெர்னியரிலும் 10.62 காட்டாது.

ஒரே பொருளை யார் முறையாக அளந்தாலும் ஒரே எண்தான் வரும் என்று அவர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

கணவரிடம் இதழையும் கடிதத்தையும் விரித்துக் காட்டினார். அவர் படத்தையும் எண்ணையும் விரலால் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டாங்க. ஆனா இதை வெளியில சொன்னா, உன் தப்பை நீயே தண்டோரா போட்ட மாதிரி ஆகுமே. இந்தம்மாவுக்கு அளக்கவே தெரியாதுன்னு எழுதிடுவாங்க."

"எழுதட்டும். அளக்கத் தெரியாதவளோட எண்ணு உங்க பக்கத்துல எப்படி வந்துச்சுன்னு நான் கேப்பேன்."

"படிக்கிறவங்க பாதிப் பேரு போயிடுவாங்க."

"போகட்டும். தப்பான பெட்டியைச் சீட்டு ஒட்டாம அனுப்பினா என்னை வேலையை விட்டுத் தூக்குவாங்க. என் தாளுக்கு மட்டும் வேற சட்டமா?"

"நானா இருந்தா இந்தச் சந்துல வண்டியை விடவே மாட்டேன்."

"நீங்க வண்டியைப் பாத்துக்கோங்க. நான் நடந்தே போயிக்கிறேன்."

கணவர் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு, உறை போட்ட நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக் கொடுத்தார்.

ஜூலை 14, சனிக்கிழமை காலை, தாளின் மூலப்படியோடு ஜெராக்ஸ் கடையில் நின்றார். முதல் பக்கத்தின் மேலே, சிவப்பு மையால் கட்டம் போட்டு எழுதியிருந்தது: 'எங்கள் அட்டவணை தவறானது. இரண்டு ஆண்டுகளாகத் தவறாகவே இருந்தது. பிலிமை உரிக்காமல் அளந்தது நான்.'

ஜெராக்ஸ்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். "அக்கா, இது என்ன, உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்க?"

"ஆமா. அதுக்கு யாராவது உங்க மேல கேஸ் போடுவாங்களா?"

"தன் தப்பைச் சொல்றதுக்கா? எவன் போடுவான்!"

"உள்ள பாருங்க. புது அட்டவணை. அவங்க பக்கத்துல 'பொருந்தும்'னு போட்டதுல ஒண்ணுகூட இதுல பொருந்தாது. ஒத்த அட்டவணையைத்தானே போடக்கூடாதுன்னாங்க? இது ஒத்துப் போகாத அட்டவணை."

கடிதத்தின் நகலை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, ஜெராக்ஸ்காரரும் ஒரு தடவை சரிபார்த்தார். பிறகு இயந்திரத்தின் மூடியைத் திறந்தார். "எத்தனை?"

"முந்நூத்திப் பதிமூணு. ஒண்ணு அவங்களுக்கு."

அந்த ஒரு படியோடு, ஜூலை 16, திங்கட்கிழமை அனுப்பிய கடிதம் பின்வருமாறு முடிகிறது:

'சரியான அளவுக்கு நான் உரிமை கொண்டாடவில்லை. அதை யார் வேண்டுமானாலும் அளந்து கொள்ளலாம். 10.62 சரியான அளவு அன்று. அது என் பிளேயரில் நான் உரிக்காமல் விட்ட இரண்டு பிலிம்களையும் சேர்த்த அளவு. என் தவறை நான் என் தாளின் முதல் பக்கத்தில், என் கையெழுத்துடன் ஒப்புக்கொண்டுவிட்டேன். அதே தவறு, தங்கள் படத்திலுள்ள பிலிம் இல்லாத கருவியிலிருந்து தங்களுக்கு எவ்வாறு கிடைத்தது? அளந்தவர் யார், எந்தத் தேதியில், எந்த அளவுகோலால்? கவர்களின் உள்ளளவை எம்முறையில் எடுத்தீர்கள்? ஒன்பது, பதினாறு, முப்பத்தொன்று ஆகிய மூன்று கவர்களில் ஒன்றையேனும் தங்கள் படத்திலுள்ள கருவிக்குப் போட்டுப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால், அவற்றைத் தவிர்க்கும்படி எழுதியது ஏன்? என்னைத் திருடியாக்கித் தாங்கள் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெறுவது எப்போது?

தொலைபேசியில் அழைக்க வேண்டாம், எடுக்க மாட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியே, எழுத்து மூலம், ஆசிரியரின் கையெழுத்துடன், ஜூலை 31ஆம் தேதிக்குள் பதிவுத் தபாலில் பதில் வேண்டும்.'